பட்டாளத்துக்காரர் பெயரில் கண்டிராக்டு

(கடலூரிலும், பின்னர் சிதம்பரத்திலும் பேசிய பேச்சின் சாரம்)



சர்க்கார் தன் வேலைகளைக் கண்டிராக்டு விடும்போது, பட்டாளத்தில் இருந்து விலகி வந்தவர்களுக்கும் அவர்கள் நடத்தும் தொழில்களுக்கும் முன்னுரிமை காட்டுவது நியாயமா, அப்படிக் காட்டினால் அதன் பலன் கடைசியில் யார் வீட்டு அடுப்பில் எரிகிறது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த விஷயத்தை எடுத்தவுடன் இரண்டுவிதமான பேர் இரண்டுவிதமாகப் பேசுவார்கள். ஒரு சாரார், "அவர் தேசத்தைக் காப்பாற்றினவர், அவருக்கு எதைக் கொடுத்தாலும் தகும், கணக்குக் கேட்பதே பாவம்" என்பார்கள். இன்னொரு சாரார், "டெண்டர் என்றால் எல்லோருக்கும் ஒரே விதிதான், யார் குறைந்த விலைக்குச் செய்கிறானோ அவனுக்கே கொடுக்க வேண்டும், இதில் முன்னுரிமை என்றால் தகுதி போய்விடும்" என்பார்கள். இந்த இரண்டு பேச்சையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, விஷயத்தை மாத்திரம் ஆராய்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்தி எங்கே வந்தாலும் அங்கே கணக்கு மறைந்து போகிறது. அது கோயில் உண்டியலானாலும் சரி, கொடிநாள் உண்டியலானாலும் சரி. அதேபோல் "தகுதி, திறமை" என்ற பேச்சு எங்கே பலமாகக் கேட்கிறதோ, அங்கே யாரோ ஒருவன் வாசற்படியில் நிறுத்தப்பட்டிருக்கிறான் என்று நாம் சந்தேகிக்க வேண்டும்.

டெண்டர் என்னும் சமத்துவம்

முதலில் டெண்டர் எவ்வளவு சமத்துவமானது என்று பார்ப்போம். வேலை இன்னது, விலை எழுதிப் பெட்டியில் போடலாம், யாரும் போடலாம் என்று விளம்பரம் வருகிறது. யாரும் போடலாம் என்பது கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பணம் கட்ட வேண்டும். இதற்கு முன் இத்தனை லட்சத்துக்கு இதே மாதிரி வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இத்தனை வருஷ வரவு செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். பாங்கியில் ஜாமீன் வாங்கி வர வேண்டும். முன்பே வேலை செய்தவனுக்குத்தான் வேலை. முன்பே பணமிருக்கிறவனுக்குத்தான் மேலும் பணம். வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். அனுபவமிருந்தால்தான் வேலை கிடைக்கும். ஊர்க் குளத்தில் யாரும் இறங்கலாம் என்று பலகை எழுதித் தொங்கவிட்டு, குளத்தைச் சுற்றி மதில் எழுப்பி, வாசல் சாவியைப் பெரிய வீட்டுக்காரரிடம் கொடுத்துவைத்த கதைதான் இது.

கண்டிராக்டு என்றால் என்னவென்று இந்த ஜில்லாக்காரர்களாகிய உங்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. அங்கே நிரந்தரத் தொழிலாளிக்கும் கண்டிராக்டுத் தொழிலாளிக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீடுகளிலேயே தெரியும். ஒரே மண், ஒரே வெயில், ஒரே வேலை. ஆனால் சம்பளம் இரண்டு, மரியாதை இரண்டு.

இப்பொழுது முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் முன்னாள் படையினருக்கு மூன்றாம் வகுப்பில் 100-க்கு 10-ம், கடைசி வகுப்பாகிய நான்காம் வகுப்பில் 100-க்கு 20-ம் என்று விகிதம் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நான்காம் வகுப்பு உத்தியோகம் என்பது எது? காவல்காரன், பியூன், தோட்டக்காரன், துப்புரவுக்காரன் முதலிய வேலைகள். ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, அதாவது 2008-க்குப் பின், அந்த வகுப்பையே எடுத்துவிட்டு மூன்றாம் வகுப்போடு சேர்த்துவிட்டார்கள். காவலும் துப்புரவும் ஆபீசுக்கு ஆபீசு கண்டிராக்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 100-க்கு 20 என்று எழுதிய காகிதம் இருக்கிறது. 100 வேலைகள்தான் இல்லை! எண்ணெய் ஊற்றாமல் திரியை மட்டும் பெரிதாக்கி வைத்த விளக்கு எத்தனை நேரம் எரியும்?

இது பட்டாளத்துக்காரருக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. பிற்படுத்தப்பட்டவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் எத்தனையோ வருஷம் போராடி உத்தியோகத்தில் வாங்கின வகுப்புரிமையும் இதே வழியில்தான் கரைகிறது. உத்தியோகம் கண்டிராக்டு ஆனவுடன் ஒதுக்கீடு வாசலோடு நின்றுவிடுகிறது. ஆகையால், கண்டிராக்டில் முன்னுரிமை என்ற பேச்சு சில ஆயிரம் பேருடைய வயிற்றுப் பிரச்சினை மாத்திரம் அல்ல. நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கும் அது வந்து சேரப் போகிற பிரச்சினை.

ஏன் முன்னுரிமை?

சரி, பட்டாளத்தை விட்டு வந்தவருக்கு ஏன் முன்னுரிமை? வீரன் என்பதற்காகவா? தியாகி என்பதற்காகவா? என்னைக் கேட்டால் அதெல்லாம் வேண்டாம் என்பேன். புகழ்ந்து கொடுப்பதைப் புகழ்ச்சி ஓய்ந்ததும் பிடுங்கிக்கொள்ளலாம். கணக்குப் பார்த்துக் கொடுப்பதைப் பிடுங்க முடியாது.

கணக்கு என்னவென்றால், நம் கிராமத்துப் பையன் 18 வயதிலோ 20 வயதிலோ பட்டாளத்தில் சேருகிறான். 40 வயதையொட்டி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவன் கூடப் படித்தவன் குமாஸ்தாவாக இருந்தால் 60 வயது வரையில் சம்பளம் வாங்குவான். கடை வைத்தவன் 20 வருஷத்தில் நாலு பேரைத் தெரிந்துகொண்டு, கையில் கொஞ்சம் முதலும் வைத்திருப்பான். கொத்தனாரிடம் சேர்ந்தவன் மேஸ்திரியாகி, பிறகு சிறு கண்டிராக்டரும் ஆகியிருப்பான். இவனோ பனிமலையிலும் பாலைவனத்திலும் நின்றுவிட்டு, பெண்ணுக்குக் கல்யாணமும் பையனுக்குக் காலேஜும் வந்து நிற்கிற சமயத்தில் ஊருக்குத் திரும்புகிறான். இப்படி வருஷந்தோறும் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா முழுவதும் பட்டாளத்தை விட்டு வெளியே வருகிறார்கள். தொழில் பழகவும், பணம் சேர்க்கவும், அனுபவ அத்தாட்சி வாங்கவும் மற்றவனுக்குக் கிடைத்த வருஷங்களை இவனிடமிருந்து சர்க்கார் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவனே, "உன் தொழில் அனுபவம் என்ன? முன்பணம் எங்கே?" என்று டெண்டர் பெட்டியின் முன்னால் நிறுத்திக் கேட்டால், அது எந்த ஊர் நியாயம்? முன்னுரிமை என்பது இந்தக் கடனைத் திருப்பிக் கொடுப்பதுதான். அதில் தர்மமும் இல்லை, தயவும் இல்லை.

இந்த மண்ணிலே நடந்தது

நீங்கள் இருக்கும் இந்த ஊர்களின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1781-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ஹைதர் அலியின் ஆட்கள் பிடித்துவைத்திருந்த சிதம்பரம் கோயில் மதிலை வெள்ளைக்கார ஜெனரல் அயர் கூட் தாக்கித் தோற்றுத் திரும்பினான். ஜூலை மாதம் 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில் பெரிய சண்டை நடந்தது; அதில் கூட் ஜெயித்தான். 1783-ல் இதே கடலூரில் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கொண்டார்கள். சீமையில் அந்த வருஷம் ஜனவரி மாதத்திலேயே சமாதானப் பத்திரம் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் சேதி கப்பலேறி இங்கே வந்துசேருவதற்குள் ஜூன் மாதத்தில் கடலூர் மண்ணில் சிப்பாய்கள் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள். யார் அந்தச் சிப்பாய்கள்? நம்மவர்கள். எதற்காகச் செத்தார்கள்? மாதச் சம்பளத்துக்காக.

சரி, அந்த யுத்தத்தில் பணம் சம்பாதித்தவர்கள் யார்? அதுதான் கண்டிராக்டுக் கதை. கம்பெனிப் பட்டாளத்துக்கு மாடு சப்ளை செய்யும் கண்டிராக்டு கல்கத்தாவில் கிராப்ட்ஸ் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. சென்னைக்கு அரிசி வாங்கி அனுப்பும் ஏஜென்சி ஆரியோல் என்பவருக்குப் போயிற்று. 1781-ல் அபினிக் கண்டிராக்டு கம்பெனியின் பெரிய டைரக்டராயிருந்த சல்லிவனுடைய மகனுக்குப் போயிற்று. இவையெல்லாம் பிறகு வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் 1788-ல் சீமைப் பார்லிமெண்டில் தொடங்கிய விசாரணையில் குற்றச்சாட்டுகளாக வந்தன. ஏழு வருஷம் விசாரித்து, 1795-ல் அவர் குற்றவாளி அல்ல என்று விட்டுவிட்டார்கள். அவர் செய்தது சட்டப்படி குற்றமா இல்லையா என்பது நமக்கு வேண்டாம். சண்டை போட்டவன் ஒருவன், சண்டையினால் கண்டிராக்டு அடைந்தவன் வேறொருவன் என்பதை மாத்திரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிப்பாயின் காலுக்குச் செருப்பு இருந்ததோ இல்லையோ, மாட்டுக் கண்டிராக்டருக்கு லாபம் இருந்தது.

அதற்குப் பின் நடந்தது இன்னும் வேடிக்கை. சென்னைப் பட்டாளத்தை வைத்து நாடு பிடித்த வெள்ளைக்காரன், 1880-களில் ராபர்ட்ஸ் என்ற சேனாதிபதி காலத்தில், "தென்னாட்டான் போர் ஜாதி அல்ல, வடக்கே சில ஜாதியார்தான் பிறவி வீரர்கள்" என்று கண்டுபிடித்தான்! நாம் ஏற்கெனவே பிறவி அறிவாளி, பிறவி அடிமை என்று பார்த்திருக்கிறோம். இது பிறவி வீரன். இந்தப் புதிய மனுதர்மத்தின்படி சென்னைக் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் மெட்ராஸ் ரெஜிமெண்டையே கலைத்துவிட்டார்கள். டாக்டர் அம்பேத்கரின் தகப்பனார் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அவருடைய மகார் வகுப்பாரையும் 1890-களில் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை என்று நிறுத்தினார்கள். பிறகு உலக யுத்தம் வந்து ஆள் போதாமற் போனவுடன் 1940-களில் எல்லோரும் மறுபடியும் வீரர்கள் ஆகிவிட்டார்கள்! பிறவிக் குணம் அவ்வளவு சீக்கிரத்தில் மாறுமா தோழர்களே?

இதில் நம் விஷயத்துக்கு என்ன சம்பந்தமென்றால், பஞ்சாபிலே வாய்க்கால் வெட்டிப் புது நிலம் உண்டாக்கியபோது, விலகி வந்த சிப்பாய்களுக்கென்று அந்த நிலத்தில் பங்கு கொடுத்தார்கள். அதுவும் ஒரு முன்னுரிமைதான். ஆனால் அது பெரும்பாலும் யாருக்குப் போயிற்று? "போர் ஜாதி" என்று பெயர் வாங்கிய, ஏற்கெனவே நிலமுள்ள வகுப்பாருக்குப் போயிற்று. ஆகவே முன்னுரிமை என்று பெயர் வைத்துவிட்டால் மாத்திரம் போதாது. அது போகிற வாய்க்காலைப் பார்க்க வேண்டும். மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், மேட்டு நிலத்துக்காரன் தானே பாய்ச்சிக்கொள்வான்.

இன்று இருக்கிற ஏற்பாடு

இப்பொழுது நடப்பைப் பார்ப்போம். பாதுகாப்பு மந்திரி இலாகாவின் கீழ், பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்கு மறுவாழ்வு தேடிக் கொடுப்பதற்கென்று டில்லியில் ஒரு டைரக்டரேட் இருக்கிறது. நிலக்கரிக் கம்பெனிகளில் கரி ஏற்றி இறக்கிக் கொண்டுபோகும் வேலை, சர்க்கார் கம்பெனிகளுக்குக் காவல் ஆள் கொடுக்கும் வேலை முதலியவற்றுக்கு, முன்னாள் படையினர் நடத்தும் கம்பெனிகளை இந்தக் காரியாலயம் சிபார்சு செய்து அனுப்புகிறது. பெட்ரோல் பங்கு, காஸ் ஏஜென்சி ஆகியவற்றிலும் பட்டாளத்தாருக்கென்று பங்கு உண்டு. நமது ராஜ்யத்தில் 1986-ல் சர்க்காரே டெக்ஸ்கோ என்ற தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகத்தை ஏற்படுத்தி, அதன் மூலம் சர்க்கார் இலாகாக்களுக்கும் வாரியங்களுக்கும் காவலர்களை அனுப்பிவருகிறது. கடலூரிலும் மற்றப் பல ஜில்லாத் தலைநகர்களிலும் முன்னாள் படைவீரர் நல ஆபீசு இருக்கிறது.

இதெல்லாம் வேண்டியதுதான். இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளே கொஞ்சம் நுழைந்து பாருங்கள். காவல் கம்பெனி என்றால் அதன் சொந்தக்காரர் யார்? பெரும்பாலும் கர்னல், மேஜர் என்று அதிகாரியாக இருந்தவர். வாசலில் கம்பு பிடித்து நிற்கிறவர் யார்? சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று இருந்தவர். அந்தக் கம்பெனிகள் வைக்கும் ஆட்களில் 100-க்கு 90 பேர் முன்னாள் படையினராக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதி, அது இல்லாவிட்டால் பெயர் மாத்திரம் பட்டாளத்தின் பெயராக இருக்கும். ஆனால் இந்த விதி ஆளைத்தான் எண்ணுகிறது, லாபத்தை எண்ணவில்லை. கண்டிராக்டு லாபத்தில் அந்த 90 பேருக்குப் பங்கு உண்டா? அவர்களுக்குக் கூலிதான். பட்டாளத்தில் இருந்த மேல் கீழ் பட்டாளத்தை விட்டு வந்தபின்னும் விடவில்லை. ஒருவருக்குக் கம்பெனி, மற்றவருக்கு வாசல்!

அதிகாரியாக இருந்தவர் கம்பெனி நடத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் படிப்பு உண்டு, நிர்வாகம் தெரியும், கடன் வாங்கத் தெரியும், நடத்தட்டும். அவருக்கு அந்தக் கண்டிராக்டு கிடைப்பது எந்தக் காரணத்தால் என்பதை அவரும் நாமும் மறக்கக் கூடாது என்றுதான் சொல்லுகிறேன். கீழே இருப்பவனுடைய கஷ்டத்தைச் சொல்லித்தான் இந்தச் சலுகை கேட்கப்பட்டது. அவன் கஷ்டத்தைக் காட்டித்தான் வாங்கப்பட்டது. அப்படியிருக்க, அவனுக்குக் குறைந்தபட்சக் கூலி மாத்திரம் என்றால், கோயிலில் ஏழைக்கு என்று போட்ட நெல்லைப் பூசாரி வீட்டில் அளந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு தொந்தரவு, பெயரை வாடகைக்கு விடுவது. இது எங்கோ நடக்கிற கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவிலே இந்த முன்னுரிமை நம் நாட்டைவிட எவ்வளவோ விரிவாக இருக்கிறது. அங்கே 1999-ல் சட்டம் செய்து, சர்க்கார் கண்டிராக்டுகளில் 100-க்கு 3 பங்கு, பட்டாளத்தில் ஊனமடைந்தவர்கள் நடத்தும் சிறு தொழில்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2024-லிருந்து அதை 5 ஆக உயர்த்தினார்கள். முன்னாள் படையினர் இலாகாவுக்கு 2006-ல் தனிச் சட்டமே செய்தார்கள். அந்த இலாகா சட்டத்துக்குத் தன் சௌகரியப்படி அர்த்தம் செய்யப் பார்த்தபோது, 2016-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, தகுதியுள்ள இரண்டு முன்னாள் படையினர் கம்பெனிகள் நியாயமான விலைக்கு டெண்டர் போடுவார்கள் என்று எதிர்பார்க்க இடமிருந்தால், டெண்டரை அவர்களுக்குள்ளேயே விட்டாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. இவ்வளவும் செய்த நாட்டிலே என்ன நடந்தது? 2009-ல் அந்தப் பார்லிமெண்டின் தணிக்கை ஆபீசு பத்துக் கம்பெனிகளை எடுத்துச் சோதித்தபோது, அந்தப் பத்தும் தகுதியில்லாமலே, அல்லது ஊனமுற்ற சிப்பாயை முன்னால் நிறுத்திப் பின்னால் வேறொருவர் நடத்தி, ஏறக்குறைய 10 கோடி டாலர் கண்டிராக்டு வாங்கியிருந்ததாகத் தெரியவந்தது. "நான் முன்னாள் படையினன்" என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பல இலாகாக்களில் வைத்திருந்த வழக்கத்தை மாற்றி, சர்க்காரே சோதித்து அத்தாட்சி கொடுக்கும் முறையைப் பொதுவாக்க 2023 வரையில் ஆயிற்று.

நம் நாட்டிலும் பெட்ரோல் பங்கு விதவையின் பெயரில், கல்லாப்பெட்டி வேறொருவர் மடியில் என்று பேசிக்கொள்வதைக் கேட்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டீர்கள். மும்பாயிலே பட்டாளத்தாரின் நலனைச் சொல்லி எழுந்த ஆதர்ஷ் என்ற 31 மாடிக் கட்டடத்தில், உத்தியோகஸ்தர்களும் அரசியல்வாதிகளின் உறவினர்களும் வீடு வாங்கியது வெளியாகி, 2010-ல் அந்த ராஜ்யத்து முதல் மந்திரியே பதவி விலகும்படி ஆனது. யார் பெயர் புனிதமானது என்று ஊரெல்லாம் சொல்லுகிறதோ, அந்தப் பெயரைத்தான் திருடன் முதலில் எடுப்பான். ஏனென்றால் அந்தப் பெயர் இருக்கிற இடத்தில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஆட்சேபணைகளுக்குச் சமாதானம்

இனி ஆட்சேபணைகளை எடுத்துக்கொள்வோம். "முன்னுரிமை கொடுத்தால் வரிப்பணம் வீணாகுமே" என்கிறார்கள். அப்படி ஆக வேண்டிய அவசியமில்லை. சிறு தொழில்களுக்காக மத்திய சர்க்கார் 2012-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. சர்க்கார் வாங்கும் சரக்கில் முதலில் 100-க்கு 20 என்றும், பிறகு 25 என்றும் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதில் தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் தொழில்களுக்கு 4, பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3 என்று உள்பங்கு. சிறு தொழில்காரனுடைய விலை, எல்லாரிலும் குறைந்த விலையைவிட 100-க்கு 15-க்குள் அதிகமாக இருந்தால், "அந்தக் குறைந்த விலைக்கே நீ செய்கிறாயா?" என்று அவனைக் கேட்டு, ஒப்புக்கொண்டால் ஒரு பங்கு வேலையை அவனிடம் கொடுக்கலாம். சர்க்காருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. வழி அடைபட்டிருந்தவனுக்கு வழி திறக்கிறது. ஆனால் இந்தக் கொள்கையில் முன்னாள் படையினருக்கு என்று உள்பங்கு வைக்கப்படவில்லை. கம்பு பிடிக்கவும், கரி ஏற்றவும், பெட்ரோல் போடவும் மாத்திரம் அவர் ஞாபகம் வருகிறது. மின்சாரம், மோட்டார், பாலம், தந்தி, வைத்தியம் என்று பட்டாளத்திலே அவர் கற்றுக்கொண்ட தொழில்கள் எத்தனை! அவற்றையெல்லாம் மறந்துவிட்டு வாசலில் நிறுத்துவது, அவருடைய கையை வாங்கிக்கொண்டு மூளையைத் திருப்பி அனுப்புவதாகும்.

"அப்படியானால் எல்லாக் கஷ்டக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டாமா? மலக்குழியில் இறங்கிச் சாகிறவன் தேசத்துக்காகச் சாகவில்லையா?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஊரின் சுகத்துக்காகத் தன் உடம்பைக் கொடுத்தவன் எவனோ, அவனுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. சட்டை பச்சையாக இருந்தால் கடன், அழுக்காக இருந்தால் கடனில்லை என்று பகுத்தறிவு சொல்லாது. ஒருவனுக்குக் கொடுத்ததைக் காட்டி மற்றவன் கேட்க வேண்டும். மற்றவனுக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லி இவனுடையதைப் பிடுங்கக் கூடாது. கர்நாடகத்தில் 2017 முதல், 50 லட்சம் ரூபாய் வரையுள்ள கட்டுமானக் கண்டிராக்டுகளில் 100-க்கு 24-க்குச் சற்று மேல் தாழ்த்தப்பட்டவருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கினார்கள். பிறகு அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தினார்கள். அங்கே பாலம் எதுவும் இதனால் இடிந்து விழுந்ததாகச் சொல்லக் காணோம். ஆகவே கண்டிராக்டில் நிபந்தனை போட முடியாது என்பவன் பொய் சொல்லுகிறான். போடுகிற மனம்தான் வேண்டும்.

அக்னிவீரர்கள்

இந்த விஷயம் இன்று அவசரமாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022-ல் அக்னிபாத் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பையன்களை நாலு வருஷத்துக்கு எடுப்பது. நாலு வருஷம் முடிந்ததும் நாலில் ஒரு பங்கு பேர் வரையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களை ஏறக்குறைய 12 லட்ச ரூபாயோடு வீட்டுக்கு அனுப்புவது. அந்தத் தொகையிலும் பாதி அவன் சம்பளத்தில் பிடித்ததுதான். பென்ஷன் கிடையாது, முன்னாள் படையினர் என்ற அந்தஸ்தும் கிடையாது என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த அந்தஸ்து இல்லாவிட்டால், நான் இதுவரையில் சொன்ன முன்னுரிமைகள் எல்லாம் யாருக்கோ உரியவை. எல்லையில் நிற்கும்போது வீரன். ஊருக்கு வந்தால் வெறும் ஆள்! அவனுக்குச் சிற்சில உத்தியோகங்களில் ஒதுக்கீடு தருவதாகச் சொல்லுகிறார்கள். தரட்டும். ஆனால் உத்தியோகம் கண்டிராக்டாக மாறிக்கொண்டிருக்கிற காலத்தில், கண்டிராக்டிலும் அவனுக்கு இடம் எழுதிவைக்க வேண்டும் என்று நாம் இப்பொழுதே கேட்க வேண்டும். குறிஞ்சிப்பாடியிலிருந்தும், புவனகிரியிலிருந்தும், காட்டுமன்னார்கோயிலிலிருந்தும், விருத்தாசலத்திலிருந்தும் போகிற பையன்கள் 21, 22 வயதில் திரும்பி வந்து நின்றால், அந்தக் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்லுவது?

நாம் செய்ய வேண்டியது

முடிவாக, நாம் கேட்க வேண்டியவை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பட்டாளத்துக்காரர் பெயரில் கொடுக்கப்படும் ஒவ்வொரு கண்டிராக்டிலும், மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை ஆள், ஆளுக்கு என்ன கூலி, கம்பெனிக்கு என்ன மிச்சம் என்ற கணக்கை வேலை நடக்கிற இடத்திலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஒட்டப் பயப்படமாட்டான்.

இரண்டாவது, கூலி பாங்கிக் கணக்கில் நேராகப் போக வேண்டும். கண்டிராக்டர் கூலியைக் கொடுக்கத் தவறினால் வேலை வாங்கின தலைமை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று 1970-ம் வருஷத்துக் கண்டிராக்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். வேலை வாங்கினது சர்க்கார் என்றால், சர்க்காரே பொறுப்பாளி. "அது ஏஜென்சி விஷயம், எங்களுக்குத் தெரியாது" என்று ஆபீசர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துகொண்டு வந்தால், தனி முதலாளிக்கு முன்னால் அவர்களுக்குக் கண்டிராக்டு கொடுக்க வேண்டும். சிப்பாயும் ஹவில்தாரும் சொந்தக்காரராகும் வழி அதுதான். ஒரே பாரக்கில் பத்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றாகத் தொழில் நடத்தவா தெரியாது?

நான்காவது, இது வீடுகளுக்குச் சொல்லுவது. தாய்மார்களே, உங்கள் புருஷனுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையோ, அவர் இறந்துபோயிருந்தால் அந்தச் சான்றுகளையோ, "ஒரு கையெழுத்துப் போடுங்கள் அக்கா, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று வருகிறவனிடம் கொடுக்காதீர்கள். அவன் உங்களுக்குக் கொடுப்பது உங்கள் பணத்திலேயே ஒரு சிறு துண்டு. கடன் வந்தாலும் வழக்கு வந்தாலும் அது உங்கள் பெயரில்தான் வரும். ஜில்லா ஆபீசுக்கு நேராகப் போய்க் கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் 2005-ம் வருஷத்துத் தகவல் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால், எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் வாலிபர்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு விதவைக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பது, நூறு மாலை போடுவதைவிட மேலானது.

1949 முதல் வருஷந்தோறும் டிசம்பர் 7-ந் தேதி கொடிநாள் கொண்டாடுகிறோம். சட்டையிலே ஒரு சிறு கொடியைக் குத்திக்கொண்டு, உண்டியலிலே ஏதோ போட்டுவிட்டு, கடமை தீர்ந்தது என்று போய்விடுகிறோம். போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள், உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலிலோ ஆபீசு வாசலிலோ உத்தியோக உடுப்போடு நிற்கிற அந்த மனிதரிடம் போய், "அண்ணே, உங்களுக்கு மாதம் என்ன கைக்கு வருகிறது? கம்பெனிக்குச் சர்க்கார் என்ன கொடுக்கிறது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் பதில் சொல்லுவார். இரண்டாவது கேள்விக்குப் பதில் அவருக்கே தெரியாது. அந்தப் பதிலை அவருக்கு வாங்கிக் கொடுப்பதுதான் நம்முடைய வேலை.

நான் சொன்னவற்றில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு நடத்துங்கள். சரியில்லை என்று தோன்றியதைத் தள்ளிவிடுங்கள். ஆனால் கணக்குக் கேட்பதை மாத்திரம் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.